மருந்து இல்லாத நோய்

லோகன்டேல் தோட்டத்துக் கீழ் டிவிஷனில் சண்முகவடிவுக்கு யாரையுமே பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். பிடித்த ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அவள் புருஷன் சிவசாமி, அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இன்னொருத்தி மகள் சர்மிளா, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற டீச்சர். மிச்சம் இருக்கிற ஜனம் மொத்தமும் வடிவு வாயில் விழுந்து எழுந்திருப்பவர்கள்தான். பைப்படியில் வரிசை மாறி நின்றாலும் சண்டை, கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள் ஆடினாலும் சண்டை. ஐம்பத்தேழு வயதில் நாற்பது வருஷம் கொழுந்து பறித்துவிட்டாள். அவள் கோபமும் அந்த நாற்பது வருஷத்தில் தினமும் வேலைக்கு வந்தது, ஒரு நாள் லீவு போட்டதில்லை.

இப்பேர்ப்பட்டவளை எதிரே உட்காரவைத்து ஒரு டொக்டரம்மா, "உங்களுக்கு இரத்தத்தில புற்றுநோய் இருக்கு. ஆனா இப்ப மருந்து ஒன்னும் வேணாம்" என்று சொன்னால் சும்மா விடுவாளா?

நோய் பிடிபட்டதே தற்செயல். கண்ணில் புரை விழுந்து, முற்றின இலையும் கொழுந்தும் அவளுக்கு ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தது. கண் ஒப்பரேஷனுக்கு முன்னால் இரத்தம் பார்த்தார்கள். கண்ணை விட்டுவிட்டு இரத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே போ, இங்கே போ என்று அலைக்கழித்து, கடைசியில் மலையை விட்டு இறங்கி மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உடம்பில் ஒரு வலி இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை. பஸ் ஏறி இறங்கின கால் வலிதான்.

டொக்டரம்மா சிங்களப் பெண். படித்துக் கற்றுக்கொண்ட தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "வெள்ளை அணு கூடுதலா இருக்கு. இது மெதுவா வளர்ற நோய், அம்மா. பத்து வருஷம் மருந்தே தேவைப்படாம இருக்கிறவங்க இருக்காங்க. இப்பவே மருந்து குடுத்தா ஆயுசு கூடாது, உடம்புதான் கெடும். மூணு மாசத்துக்கு ஒருக்கா வாங்க, இரத்தம் பார்ப்போம். கழுத்தில கட்டி வந்தா, காரணமில்லாம காய்ச்சல் வந்தா, உடம்பு இளைச்சா உடனே வாங்க. மருந்து தேவைப்படுற அன்னைக்கு நானே தருவேன்."

வடிவுக்குப் புருஷன் ஞாபகம்தான் வந்தது.

சிவசாமி கவ்வாத்து வெட்டுகிற ஆள், தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்துத் தறித்து அவர் கையே மரமாகியிருந்தது. அந்த மனுஷன் இரண்டு வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் போத்தலில் வெள்ளைத் தண்ணி கொடுத்தார்கள். "வாயு" என்றார்கள். "பொறு, பார்ப்போம்" என்றார்கள். பொறுத்தார், பார்த்தார்கள். கடைசியில் ஆட்டோவில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினபோது பெரிய டொக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏன் முந்தியே வரல? லேட்டாயிட்டுதே" என்றார். பதினெட்டாம் நாள் ஆள் முடிந்துபோனார்.

"ஏம்மா," என்று வடிவு மேசையில் கையை ஊன்றி எழுந்தாள். "எம்புருசனுக்கு லேட்டுன்னீங்க. நான் மட்டும் வெள்ளன வந்துட்டேன்ங்கிறீங்க. தோட்டத்து ஆளுங்க என்னைக்குத்தாம்மா சரியான நேரத்துக்கு வர்றது?"

டொக்டரம்மாவுக்குப் பாதி புரிந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸிக்கு முழுசும் புரிந்தது. நிஷாந்தி என்று பெயர், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படித்து வந்த பெண். "சத்தம் போடாதீங்க. இது பெரட்டுக்களம் இல்ல" என்றாள். பெரட்டுக்களம் என்றால் காலையில் வேலை பிரிக்கத் தோட்டத்து ஆட்கள் வரிசை நிற்கிற இடம்.

"ஆமாடி, உங்கம்மா பெரட்டுக்களத்துல நிக்காமத்தான் நீ வெள்ள உடுப்புப் போட்டியோ?"

நிஷாந்தியின் முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து அவள் வடிவை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கிளினிக் நோட்டுக் கொப்பியை நீட்டுவாள், திகதியை எழுதுவாள், அவ்வளவுதான்.

கையில் ஒரு மாத்திரை கூட இல்லாமல் வடிவு தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, திரும்பினாள். அதுதான் வினையாகப் போனது. லயத்தில் நோய் என்றால் மாத்திரை. எத்தனை நிறத்தில் மாத்திரை இருக்கிறதோ அத்தனை பெரிய நோய். பைக்குள் கையை விட்டு உறையை எடுத்துக் காட்ட முடியாதவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பாதிப் பேர், ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். பிஸ்கட்டும் தோடம்பழமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து, அவள் வீட்டுக் காம்பரா வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சினார்கள். வடிவு தோடம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் துரத்தினாள். "நான் செத்தா தப்படிக்கிற சத்தம் மேல் டிவிஷன் வரைக்கும் கேக்கும். அப்ப வாங்கடி. இப்பவே என்ன ஒத்திகை?"

மிச்சப் பாதிக்குத் தலைவன் மூக்கன் கங்காணி. காலையில் பெரட்டுக்கு வரிசையாக நிற்கிற ஆட்களுக்கு இன்றைக்கு யாருக்கு எந்த நெரை என்று பிரித்துக் கொடுப்பவன். நெரை என்றால் தேயிலைச் செடி வரிசை. சமதரையில் நெரை கிடைத்தால் மத்தியானத்துக்குள் கூடை நிறையும், செங்குத்தில் கிடைத்தால் முட்டியும் முதுகும் பேசும். கிளினிக் கொப்பியைக் காட்டி வடிவு லீவு கேட்டபோது மூக்கன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க மருந்து? மருந்து எழுதாத கொப்பிய எங்கிட்ட காட்டுறியே. மருந்து இல்லாத நோய்க்கு எங்கூர்ல வேற பேரு. சோம்பல்னு சொல்வாங்க."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பறித்த கொழுந்தை அளந்து நாள் சம்பளத்துக்குப் பேர் போடுகிற தோட்டத்தில், நாற்பது வருஷம் ஒரு நாள் கூட அரைப்பேர் வாங்காத பொம்பளையைப் பார்த்து அந்த வார்த்தை! வடிவு அவன் ஏழு தலைமுறையையும் எழுப்பி வைத்துப் பேசினாள். அடுத்த மூன்று வாரமும் அவளுக்கு மலை உச்சியில் செங்குத்து நெரைதான்.

சர்மிளா தலையில் அடித்துக்கொண்டாள். "யம்மா, டொக்டர் சொன்னதை நான் போன்ல தேடிப் படிச்சேன். நெசந்தான். இந்த வகைக்கு ஆரம்பத்துல மருந்து கெடையாதாம். வெளிநாட்டுலயும் இப்படித்தானாம்."

"வெளிநாட்டுக்காரனுக்கு மூக்கன் கங்காணி இருக்கானா?"

ஒரு வருஷம் ஓடியது. நான்கு தடவை போனாள். நான்கு தடவையும் ஊசியில் இரத்தம் எடுத்தார்கள், கழுத்தையும் அக்குளையும் வயிற்றையும் அமுக்கிப் பார்த்தார்கள், "அப்படியே இருக்கு, நல்லது, மூணு மாசத்தில வாங்க" என்றார்கள். நல்லதாம்! நோய் போகவில்லை, மருந்து வரவில்லை, ஒரு நாள் வேலை போனது, இதில் நல்லது எங்கே ஒளிந்திருக்கிறது என்று வடிவு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் கேட்டாள். டொக்டரம்மாவை அவளுக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தச் சாந்தமான முகம், அந்த அளந்து வைக்கிற தமிழ், அந்த "பார்ப்போம்." சிவசாமிக்கும் இப்படித்தான் பார்த்தார்கள்.

ஐந்தாம் தடவை போனபோது கிளினிக் வாங்குப் பலகையில் அவள் இடத்தில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, கழுத்தில் ஜெபமாலை.

"நகருங்க. பதினேழாம் நம்பர் நான்."

"பதினேழு வாரதுக்குள்ள மத்தியானம் ஆயிரும். சண்டைய உக்காந்துகிட்டே போடலாமே, தங்கச்சி" என்றாள் அவள், சீலையை இழுத்து இடம் விட்டு.

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளாயிற்று அவள் சிரித்து. கிழவி பெயர் தெரேசா, பூண்டுலோயாப் பக்கத் தோட்டம், கொழுந்து பறித்து ஓய்ந்தவள், அறுபத்தெட்டு வயது. அவளுக்கும் இதே நோய். "ஆறு வருசம் சும்மாதான் வந்து வந்து போனேன். போன வருசந்தான் கழுத்துல, இங்கன பாரு, கட்டி கட்டியா வந்துச்சு. அப்புறந்தான் மாத்திரை தொடங்குனாங்க. இப்ப கட்டியெல்லாம் அமுங்கிருச்சு. மாதா புண்ணியம்."

சொன்னதில் முதல் பாதி வடிவு காதில் ஏறவே இல்லை. மாத்திரை என்கிற சொல் மட்டும் ஏறியது. "எங்க, காட்டுங்கக்கா" என்றாள். தெரேசா பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். பழுப்பு நிறத்தில், பயறு மாதிரி சின்னதாய் இருந்தது. இவ்வளவுதானா? இதைக் கொடுப்பதற்கா இந்தப் பாடு?

ஒரு விஷயம் சொன்னால்தான் இனி நடந்தது விளங்கும். லயத்தில் மாத்திரை தனிச்சொத்து இல்லை. பிரஷர் மாத்திரை, சீனி மாத்திரை, முட்டி வலி மாத்திரை, ஒரு வீட்டுக் கொப்பிக்கு வாங்கினதை மூன்று வீடு தின்னும். கிளினிக் போனால் ஒரு நாள் வேலை போகும் என்பதால் ஒருத்தி போவாள், வருவாள், பிரித்துக் கொடுப்பாள். உப்புக் கேட்டால் இல்லை என்றாலும் சொல்வார்கள், மாத்திரை கேட்டால் இல்லை என்று சொல்வது மகா கேவலம். அப்படிச் சொன்னவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவக்கூட ஆள் வராது.

ஆகவே திரும்பும் வழியில் நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டில், இருவரும் வேறு வேறு பஸ்ஸுக்குப் பிரிகிற இடத்தில், வடிவு கேட்டாள். வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்காதவள். "எனக்கும் அதே நோய்தானேக்கா. எனக்குத்தான் குடுக்க மாட்டேங்கிறாங்க பாவிங்க."

தெரேசா ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. மடியில் வைத்து எண்ணிப் பாதியைப் பேப்பரில் மடித்தாள். "எனக்கு இப்ப சொகமாத்தான் இருக்கு. பாதி போதும். டொக்டரைப் பாக்குறது மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான், மாத்திரை மாசா மாசம் குடுப்பாங்க. இங்கனயே வந்து வாங்கிக்க."

வீட்டில் வடிவு மகளிடம் பொய் சொன்னாள். மருந்து தொடங்கிவிட்டார்கள் என்றாள். "டப்பா எங்கம்மா? பேர் எழுதின உறை எங்க?" என்று சர்மிளா துருவினாள். "ஆஸ்பத்திரியில டப்பாவுக்குத் தட்டுப்பாடு" என்றாள் வடிவு, கண் இமைக்காமல். நாட்டில் எதற்குத்தான் தட்டுப்பாடு வரவில்லை? மகள் நம்பிவிட்டாள்.

மறுநாள் பெரட்டில், மூக்கன் கங்காணியின் மூக்குக்கு நேரே, வடிவு பேப்பரைப் பிரித்து மாத்திரையை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தண்ணி போத்தலைத் திறந்து, அண்ணாந்து முழுங்கினாள். "புற்றுநோய் மருந்து. பாத்துக்க." அன்றைக்கு அவளுக்கு ரோட்டோரத்துச் சமதரை நெரை கிடைத்தது. அக்கம் பக்கத்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பைப்படியில் வழி விட்டார்கள். ஒரு வருஷமாகக் கிடைக்காத மரியாதையை அந்தப் பயறளவு மாத்திரை ஒரே காலையில் வாங்கிக் கொடுத்தது. அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

மாதம் ஒருமுறை நாவலப்பிட்டி போய் வாங்கி வந்தாள். தெரேசாவுடன் கடையில் தேத்தண்ணி குடிப்பாள். புருஷன் செத்த பிறகு அவள் ஒரு ஆளுடன் உட்கார்ந்து சண்டை போடாமல் தேத்தண்ணி குடித்தது அங்கேதான். மூன்றாம் மாதம் தெரேசா சால்வையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். "குளிரு" என்றாள். நாவலப்பிட்டியில் என்ன குளிர்? வடிவு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அவளுக்கே உடம்பு சரியில்லை. வாய்க்குள் புண் வந்து சம்பல் தொட முடியவில்லை. கொழுந்துக் கூடைக் கயிறு பட்ட இடமெல்லாம் நெற்றியில் நீலம் பாய்ந்தது. சாயங்காலமானால் காய்ச்சல் காய்ந்தது. மருந்து உள்ளே போய் நோயோடு மல்லுக்கட்டுகிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

கிளினிக் நாள் வந்தது. சர்மிளாவுக்குப் பிள்ளைக் காம்பராவில் மேலதிகாரிகள் வரும் நாள், கூட வர முடியவில்லை. வடிவு காய்ச்சலோடு தனியே பஸ் ஏறினாள். வாங்கில் தெரேசா இருந்தாள், சால்வைக்குள். இருவரும் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை.

கூட்டம் நெரிந்ததால் டொக்டரம்மா மேசைக்கு முன்னால் இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்தார்கள். முதலில் வடிவின் கொப்பி. இரத்த முடிவைப் பார்த்ததும் டொக்டரம்மாவின் முகத்தில் இருந்த அந்தச் சாந்தம் காணாமல் போனது. வாயைத் திறக்கச் சொன்னாள், நெற்றியில் இருந்த நீலத்தை அமுக்கினாள், காய்ச்சல் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"வெள்ளை அணு குறைஞ்சிருக்கு. ஆனா சிவப்பு அணுவும் குறைஞ்சிருக்கு. இரத்தம் உறையிற அணு ரொம்பக் குறைவு. அம்மா, நோய் எலும்புக்குள்ள போய் மத்ததை அழிக்குது போல. நான் சொன்னேனே, தேவைப்படுற அன்னைக்குத் தருவேன்னு. இப்ப நேரம் வந்திருச்சு. இன்னைக்கே வார்ட்ல சேருங்க. இடுப்பெலும்பில ஊசி போட்டுப் பார்த்துட்டு மருந்து தொடங்குவோம்."

வடிவுக்குக் கண்ணில் தண்ணி கட்டியது. பயத்தில் இல்லை, ஐயா. வென்றுவிட்ட சந்தோஷத்தில். ஒன்றரை வருஷம் கத்தினதற்குக் கடைசியில் இவர்கள் வழிக்கு வந்தார்கள்! நிஷாந்தி வார்ட்டுக்கான காகிதத்தை எழுத ஆரம்பித்தாள். வடிவு ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்தது தெரேசா. டொக்டரம்மா சால்வையை அவிழ்க்கச் சொன்னாள்.

கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டிகள், நெல்லிக்காய் அளவுக்கு. வடிவு பார்த்தாள்.

"மாத்திரையை ஒழுங்கா குடிச்சீங்களா?"

"குடிச்சேன் டொக்டர்."

"ஒரு நாளும் விடாம?"

"விடாம."

டொக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப மாத்திரை உங்களுக்கு இனி வேலை செய்யல. மருந்து மாத்தணும். நரம்பில ஏத்துற மருந்து. வார்ட்ல இருந்து ஏத்தணும்." பொய் சொல்லத் தெரியாத பொம்பளை அவள். "உங்க இதயம் பலவீனம். அந்த மருந்தை உங்க உடம்பு தாங்குமான்னு எனக்குப் பயமா இருக்கு. ஆனா வேற வழி தெரியல."

தெரேசா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள். "மாதா பாத்துக்குவா" என்றாள். பிறகு மேசைக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், வடிவின் தொடையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். வாயைத் திறக்காதே என்கிற அழுத்து.

அந்தக் கை பட்டதும்தான் வடிவுக்கு மொத்தமும் வெளிச்சமானது. இவள் பாதியைத் தின்றதால் அவளுக்குப் பாதிதான் போயிருக்கிறது. பாதி மாத்திரை எப்படிக் கட்டியை அமுக்கும்? டொக்டரம்மா மாத்திரையைக் குற்றம் சொல்கிறாள். குற்றம் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருந்தால் வார்ட்டில் கட்டில் கிடைக்கும், மருந்து கிடைக்கும், ஒன்றரை வருஷம் கேட்டது கிடைக்கும். பேசினால் போச்சு. மறுபடி வெறுங்கை, மறுபடி செங்குத்து நெரை. நிஷாந்தியின் முன்னால், போயும் போயும் அந்த நிஷாந்தியின் முன்னால், திருடி மாதிரி நிற்க வேண்டும். டொக்டரம்மா தெரேசாவின் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"எழுதாதீங்க!" என்று கத்திவிட்டாள்.

அறையே திரும்பிப் பார்த்தது.

"அந்தக் கெழவி பொய் சொல்லுது. மாத்திரை வேலை செய்யாம இல்ல. அது முழுசா முழுங்கல. பாதிய எனக்குக் குடுத்துச்சு. மூணு மாசமா நாந்தான் தின்னேன். நான் கேட்டேன், அது குடுத்துச்சு. நீங்க எனக்குக் குடுத்திருந்தா நான் ஏன் அதுகிட்ட கேக்கப் போறேன்? எழுதாதீங்க அந்த மருந்தை. அது செத்துப் போகும்."

டொக்டரம்மாவுக்கு அந்த வேகத்தில் பாதிதான் புரிந்திருக்கும். நிஷாந்தி சிங்களத்தில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு வடிவு பக்கம் திரும்பினாள். ஒரு வருஷத்துக்கு மேல் நிமிர்ந்து பார்க்காதவள் இப்போது நேருக்கு நேர் பார்த்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? பிரஷர் மாத்திரைனு நெனச்சீங்களா, லயம் பூரா பங்கு போட? எங்கம்மாவும் இப்படித்தான் பக்கத்து வீட்டு மாத்திரையத் தின்னு தின்னே கிட்னி போய்ச் செத்தா. பெரட்டுக்களத்துல நின்னவதான் அவ. மறக்கல நான்."

வடிவு மேசையில் கிடந்த தன் கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டொக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தாள். கோபம் வந்தால் அவள் தமிழ் இன்னும் மெதுவாகும் போலிருக்கிறது. "உங்க சிவப்பு அணுவைக் குறைச்சது நோய் இல்லை, அந்த மாத்திரை. தெரியாம நான் உங்க எலும்பைத் துளைச்சு, முத்தாத நோய்க்கு மருந்து ஏத்தப் பார்த்தேன். இவங்களுக்கு வேலை செய்யிற மருந்தை நிறுத்தி, கொல்லக்கூடிய மருந்தைத் தரப் பார்த்தேன். ஒரே காலையில ரெண்டு பேரை." இரண்டு காகிதங்களையும் குறுக்கே கிழித்தாள். "நான் சும்மா இருந்தேன்னு நெனச்சீங்க இல்லையா? நீங்க வந்த ஒவ்வொரு நாளும் உங்க இரத்தத்தைப் பார்த்து, இன்னைக்கும் வேணாம்னு முடிவு எடுத்தேன். அதுதான் என் வேலை. உங்க இரத்தம் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. இப்ப எனக்கு ஒன்னும் தெரியாது."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள் வடிவு.

"காய்ச்சல் இருக்கு, வார்ட்ல இருங்க. காய்ச்சலுக்கு மட்டும் ஊசி. அந்த மாத்திரை உடம்பை விட்டு இறங்கட்டும். அப்புறம் மறுபடி மொதல்ல இருந்து இரத்தம் பார்ப்போம்."

"மருந்து?"

"இல்லை."

வடிவு டொக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்த வசவைப் புண்ணோடு சேர்த்து விழுங்கினாள்.

தெரேசாவுக்குப் பழைய மாத்திரையே எழுதிக் கொடுத்தார்கள், முழு அளவு. மாதக் கணக்கில் தரமாட்டார்கள், இனி வாரா வாரம் வந்து வாங்க வேண்டும், வெறும் உறையைத் திருப்பிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அறுபத்தெட்டு வயதுப் பொம்பளையைச் சின்னப் பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

வெளியே வாங்கில் வடிவு வார்ட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வருவதற்குக் காத்திருந்தாள். தெரேசா மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். வந்து, வாங்கின் மறு கோடியில், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா."

தெரேசா ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் சொல்லாட்டி உங்கள..."

"பேசாத." தெரேசா திரும்பாமலே சொன்னாள். "எங்க லயத்துல எனக்கு ஒரு பேரு இருக்கு. கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொன்னதில்ல நான். வலிச்சாலும் பரவால்லைன்னு ஒனக்குக் குடுத்தேன். நீ அத்தன பேருக்கு முன்னால என்னையப் பொய்க்காரியாக்கிட்ட. அந்த மிஸ்ஸிப் புள்ள என்னையப் பாத்த பார்வை! செத்தாலும் கௌரவமாச் செத்திருப்பேன். இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

வடிவு எழுந்தாள். வாங்கைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து தெரேசாவுக்கு முன்னால் நின்றாள். அவள் மடியில் இருந்த உறையை வெடுக்கென்று பிடுங்கி, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டு, தெரேசா சொல்ல மறுக்க, உறையில் போட்டிருந்த கோடுகளை எண்ணி, அன்றைய கணக்கு மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் கொட்டினாள். ஒன்று கூடக் குறையாமல்.

"முழிக்காத. பேசாத. எங்கூட பஸ்ல ஏறாத. ஒன் பேரையும் கௌரவத்தையும் நீயே வச்சுக்க, கெழவி" என்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவில்லை. "இப்ப வாயத் தொற."

தெரேசா முறைத்தாள். வடிவும் முறைத்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

தெரேசா வாயைத் திறந்தாள். வடிவு மாத்திரைகளை நாக்கில் வைத்து, தண்ணி போத்தலை உதட்டில் சாய்த்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாக்கைத் தூக்கிக் காட்டு."

தெரேசா தூக்கிக் காட்டினாள்.